பயணப் பையை உள்ளே புரட்டிப் பார்த்து வாங்குங்கள்

கிருஷ்ணகிரியில் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். சென்னை, சேலம், பெங்களூரு சாலைகள் கூடுகிற ஊர் என்பதால், மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்களின் கிழிந்த பைகளும் என் தையல் மெஷினுக்கு வருகின்றன. பை வாங்கப் போகிறவர்கள் யோசனை கேட்டால் அநேகமாக முதல் கேள்வி, "அண்ணா, எத்தனை லிட்டர் வாங்கலாம்?" என்பதுதான். வண்டி என்ன, பின்னால் ஆள் உட்காருவாரா, சைலன்சர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். பையின் கொள்ளளவைச் சொல்லும் லிட்டர் கணக்கு அதற்குப் பிறகு.

சீட்டின் குறுக்கே போட்டு இருபுறமும் தொங்கவிடுகிற சேடல் பேக்கை எடுத்துக்கொள்வோம். கடையில் காலிப் பையை மாட்டிப் பார்த்து, சைலன்சரில் படவில்லை என்று வாங்கிவிடுகிறார்கள். சாமான் ஏறியதும் பை நான்கு விரல் தொங்கும். ஆட்கள் ஏறிப் பள்ளத்தில் விழுந்தால் ஷாக் அப்சார்பர் அமுங்கும். டயரும் பையும் நெருங்கும். ஆகவே பக்கத்துக்கு ஐந்து கிலோ அரிசியைப் போட்டு, நண்பரையும் பின்னால் ஏற்றி, சீட்டில் எம்பி எம்பி உட்கார்ந்து பாருங்கள். இடதுபுறம் சேலை கார்டு இருந்தால் அது பையைச் சக்கரத்திடமிருந்து தள்ளி நிறுத்தும். வலதுபுறம் அந்தக் காவல் இல்லை; பையின் அடி சைலன்சர் சூட்டில் உருகும். பையைத் தள்ளி நிறுத்த இரும்புக் கம்பியில் ஒரு தாங்கி (ஸ்டே) வைத்துக்கொள்வது நல்லது. இண்டிகேட்டரும் நம்பர் பிளேட்டும் மறையாமல் இருக்க வேண்டும்.

அடுத்தது தையல். இங்கே கொஞ்சம் நிற்கிறேன், இது என் தொழில்.

அட்டையில் '1000 டெனியர்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் டெனியர்; 1000 என்றால் அவ்வளவு நீள நூல் ஒரு கிலோ. நூலின் கனம் அதில் தெரியும், தைத்தவர் கை தெரியாது. துணியே கிழிந்து வரும் பைகள் குறைவு. பட்டை பிய்ந்தும், மூலையில் தையல் விட்டும், ஜிப் வாய் பிளந்தும் வருபவைதான் அதிகம்.

பையை உள்வெளியாகப் புரட்டுங்கள். பட்டை பையோடு சேரும் இடத்தில் கட்டம் போட்டு, அதற்குள் பெருக்கல் குறி மாதிரித் தைத்திருக்கிறதா? பின்னால் இன்னொரு துண்டுத் துணி வைத்திருக்கிறதா? ஒற்றை வரித் தையல் என்றால் கீழே வைத்துவிடுங்கள். நூல் பருத்தியா என்றும் பாருங்கள். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். கடைக்காரர் சம்மதித்தால் தொங்கும் நூல் நுனியைக் கொளுத்திப் பார்க்கலாம்: பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டரும் நைலானும் உருகி மணியாகத் திரளும். பெரும்பாலும் சம்மதிக்க மாட்டார்.

ஜிப்பில் பல் பெரிதாக இருக்கட்டும்; 8 அல்லது 10 எண் ஜிப் பயணப் பைக்குத் தாங்கும். மூலையில் வளைந்து திரும்பும் ஜிப்பில், இழுத்து மூடுகிற ரன்னர் அந்த வளைவில்தான் தடம் மாறும். நேராக ஓடும் ஜிப்பே மேல்.

மழைக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊசி போன இடமெல்லாம் துளை. துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் தையலின் மேல் உள்புறம் டேப் ஒட்டவில்லை என்றால் தண்ணீர் வரும். இருட்டறையில் பைக்குள் டார்ச்சை எரியவிட்டு மூடினால் ஓட்டைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். தார்ப்பாய்த் துணியைச் சூட்டில் ஒட்டி, வாயைச் சுருட்டிக் கட்டுகிற பைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. என் பிழைப்புக்குத்தான் நஷ்டம். பையோடு தரும் மழை உறை நெடுஞ்சாலை வேகத்தில் காற்று புகுந்து பலூனாகும், அவிழ்ந்தும் போகும். எந்தப் பை வாங்கினாலும் உள்ளே தடித்த பிளாஸ்டிக் பையில் துணிகளை வையுங்கள்.

கட்டுவதற்குக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றை நான் நம்புவதில்லை. கை நழுவினால் கொக்கி கண்ணுக்கு வரும். அதோடு எலாஸ்டிக் நீளும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, முன்னால் போகிற லாரிக்காக பிரேக் பிடித்தால், பின்சீட்டில் சரியாகக் கட்டாத டெயில் பேக் முதுகில் வந்து இடிக்கும். நீளாத நாடாவும் பக்கிளும்தான் சரி. ஆனால் நாடாவின் மிச்ச நுனி ஆடக் கூடாது. சென்னையிலிருந்து கூர்க் போகிற தம்பி ஒருவர் செயின் மென்று துப்பிய நாடாவைக் கொண்டுவந்து, "இதை மட்டும் தைத்துக் கொடுங்கள் அண்ணா" என்றார். நாடாவை ஒரு முழம் குறைத்து, நுனியைச் சொருக எலாஸ்டிக் வளையம் ஒன்று தைத்துக் கொடுத்தேன்.

கனமான சாமான் கீழே, ஓட்டுபவருக்கு நெருக்கமாக. இருபக்கமும் சம எடை. டூல், பூட்டு, தண்ணீர் எல்லாம் சீட்டுக்குப் பின்னால் மாட்டும் டாப் பாக்ஸில் போனால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். அதில் துணிமணி போதும். எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், படியுங்கள். வண்டியின் கையேட்டில் உள்ள மொத்த எடையில் நீங்களும் அடக்கம். அதே கையேட்டில் சுமைக்குத் தனி டயர் காற்றளவு இருக்கும். பின்பக்கம் அமுங்கினால் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், இறக்கி வையுங்கள்.

பெட்ரோல் டேங்க் மேல் வைக்கும் காந்த டேங்க் பேக் இரும்பு டேங்க்கில் மட்டுமே ஒட்டும். ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பி, ஹாரனை அமுக்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஒகேனக்கல் போகிறவர்கள் அதில் வாழைப்பழம் வைக்க வேண்டாம். அங்குள்ள குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியாது, பொறுமையும் கிடையாது.

உடலுக்கு மாட்டுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் குறைவென்றால் பையில் மிச்சம் பிடித்து, ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட் வாங்குங்கள். பிறகு கையுறை, கணுக்காலை மூடும் ஷூ. ஜாக்கெட்டை வண்டியில் உட்கார்ந்த நிலையில் போட்டுப் பாருங்கள். கையை நீட்டும்போது, அடி தாங்க உள்ளே வைத்த முழங்கைப் பட்டை முழங்கையிலேயே நிற்க வேண்டும். அந்தப் பட்டையில் இ.என். 1621 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்க வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு வலைத்துணி ஜாக்கெட்டே போட முடியும்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகப் போகிறவர்கள் ஊருக்குள்ளேயே கட்டுகளை இறுக்கிக்கொள்ளுங்கள். அது யானை நடமாடும் காடு, நின்று பை கட்டும் இடமில்லை.

தடித்த ஊசி, நைலான் நூல், ஒரு ரன்னர், அகல டேப் வைத்திருங்கள். டேப் ஒட்டுமுன் தூசியைத் துடைத்து உலர விடுங்கள், ஈரத்தில் பிடிக்காது. அதற்கும் அடங்காத கிழிசல் என்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே இருக்கும் அழுக்குச் சாக்ஸை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள்.