பழைய காடி ஏர்கோனுக்கு எந்த கேஸ்?

சுங்கை சிப்புட் வெயிலில் ஏர்கோன் இல்லாமல் காடி ஓட்ட முடியுமா? என்னுடையது 80களில் வந்தது, ஆர்12 கேஸ். ஓசோனைக் கெடுக்கிறது என்று 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்தப்பட்ட சாமான் அது. விலை குறைவு என்று ஒரு பட்டறையில் ஹைட்ரோகார்பன் கேஸ் போடச் சொன்னார்கள்; தீப்பிடிக்கும், வேண்டாம் என்றுவிட்டேன்.

ஓசோனைக் கெடுக்காத ஆர்134ஏ கேஸுக்கு மாற்றினேன். முதலில் கசிவைப் பிடிக்க வேண்டும். கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் மூட்டில் எண்ணெய்க் கறை, மீதமிருந்த பிரஷரில் சோப்புத் தண்ணீர் தடவியதும் குமிழி வந்தது. மூட்டை அடைக்கும் ரப்பர் ஓ-ரிங், ஈரத்தை உறிஞ்சும் டிரையர் இரண்டும் புதிது. பழைய மினரல் எண்ணெய் இந்த கேஸோடு கலக்காது, கம்ப்ரெசருக்கு ஒழுங்காகத் திரும்பாது, அதனால் அதை வடித்துவிட்டு எஸ்டர் எண்ணெய் ஊற்றினேன். அப்புறம் உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி வேக்குவம் இழுத்து, மீட்டர் ஊசி அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து, பழைய ஆர்12 அளவில் 80–85 சதவீதம் மட்டும் கேஸ் ஏற்றினேன். கேஸ் கூட ஏற்றினால் பிரஷர்தான் ஏறும், குளிர் ஏறாது.

ஜாமில் நிற்கும்போது மட்டும் குளிர் கொஞ்சம் குறைவு. ஆர்12-க்குச் செய்த கண்டென்சருக்கு ஆர்134ஏ பாரம்தான்.