பேய்ப் படம் எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

புதிதாகப் பேய்க் குறும்படம் எடுப்பவர்கள் முதலில் தேடுவது ஒரு 'டமால்' சத்தத்தை. கதவு திறந்தால் டமால், பூனை குதித்தால் டமால். மூன்றாவது டமாலுக்குப் பார்க்கிறவர் செல்போனை எடுத்துவிடுவார்.

சத்தம் வைப்பது தப்பில்லை. அதற்கு முன்னால் எதையும் வைக்காததுதான் தப்பு. 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' என்ற ஹாலிவுட் படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போகிறாள். பின்னால் இன்னொருத்தி. இசை கிடையாது, இரண்டு பேரின் காலடிச் சத்தம் மட்டும். தெருவிளக்கின் வெளிச்சம், அப்புறம் இருட்டு, மறுபடி வெளிச்சம். திடீரென்று பின்னால் வந்த காலடி நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் நடையைக் கூட்டுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், யாரையும் காணோம். அந்த நேரத்தில் சீறிக்கொண்டு வந்து நிற்கிறது ஒரு பஸ். அவ்வளவுதான், வெறும் பஸ்! தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்திக்கே 'லூட்டன் பஸ்' என்று பெயர் வந்துவிட்டது. காப்பியடித்தவர்களில் பலர் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த நடையை விட்டுவிட்டார்கள்.

அடுத்தது, பேயை அவசரப்பட்டுக் காட்டுவது. 1975-இல் வந்த 'ஜாஸ்' என்ற சுறாப் படத்தை எடுத்தபோது இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதானது. வேறு வழியில்லாமல் இயக்குநர் ஸ்பீல்பெர்க் இசையையும் தண்ணீரில் இழுபடும் மஞ்சள் பீப்பாய்களையும் வைத்தே பயமுறுத்தினார். நம் ஆட்களுக்கு மேக்கப் போட்ட செலவு வீணாகக்கூடாது. முதல் ஐந்து நிமிடத்திலேயே க்ளோசப். விக்கும் பவுடரும் பளிச்சென்று தெரிகிறது.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, பேய்க்கு ஒரு கணக்கே இல்லாமல் கதை எழுதுவதுதான். ஒரு காட்சியில் சுவருக்குள் புகுந்து வரும், அடுத்ததில் தாழ்ப்பாளை உலுக்கும். 'யாவரும் நலம்' (2009) படத்தில் மற்றவர்களுக்கு ஓடும் லிஃப்ட் மாதவனுக்கு மட்டும் ஓடாது. வீட்டில் பால் தினமும் திரிந்துபோகும். பால் திரிவது எந்த வீட்டிலும் நடப்பதுதான். தினமும் என்றால்தான் அடுப்படியில் நிற்கிறவருக்கு வயிற்றைப் பிசைகிறது.

இருட்டு என்று சொல்லி ஒன்றுமே தெரியாமல் எடுக்காதீர்கள். ஒரு ஜன்னல் வெளிச்சமாவது வேண்டும். எங்கே இருட்டு என்று கண்ணுக்குப் புரிந்தால்தான் அங்கே பார்க்கப் பயப்படுவோம்.

எடிட்டிங் முடிந்ததும் டமால்களை எல்லாம் எடுத்துவிட்டு, கதை தெரியாத ஒருவருக்கு ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். அவர் எங்கே காலை மடக்கி மேலே வைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். எங்கேயும் வைக்கவில்லை என்றால் சவுண்ட் என்ஜினியரைத் திட்டாதீர்கள், ஸ்கிரிப்டை எடுங்கள்.