அடாரி எஸ்டியில் ஒரு கோப்பு வகையை அதற்குரிய நிரலோடு இணைக்கும் முறை

1985-இல் வெளிவந்த அடாரி 520 எஸ்டி கணினியிலும், அடுத்த ஆண்டு வந்த 1040 எஸ்டிஎஃப்பிலும், ஒரு கடிதக் கோப்பை இருமுறை கிளிக் செய்தால் அதை எழுதிய நிரல் தானாகத் திறந்துவிடாது. அந்தக் கோப்பைத் திரையில் பார்க்கலாம் அல்லது அச்சிடலாம் என்று சொல்லும் சிறு பெட்டிதான் வரும். கோப்புப் பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வரும் எந்தப் பின்னொட்டு எந்த நிரலுக்கு உரியது என்பதை நாமே ஒருமுறை பதிந்து வைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஃபர்ஸ்ட் வேர்ட் என்ற கடிதம் எழுதும் நிரலையும் அதன் கோப்புகளுக்குரிய 'டாக்' என்ற பின்னொட்டையும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் கணினியைத் தொடங்கப் பயன்படும் ஃபிளாப்பியின் நகல் ஒன்றை எடுத்து, அதிலேயே வேலை செய்யுங்கள். மூலையிலுள்ள சிறு துளை திறந்திருந்தால் அந்த ஃபிளாப்பியில் எதையும் எழுத முடியாது. ஆகவே தாழ்ப்பாளை நகர்த்தித் துளையை மூடிவிடுங்கள்.

அடுத்து, ஏ இயக்ககத்தின் சாளரத்தைத் திறந்து, நிரலின் சின்னத்தை ஒரே ஒருமுறை கிளிக் செய்யுங்கள். சின்னம் கறுத்து நிற்க வேண்டும். பிறகு அம்புக்குறியை மேலேயுள்ள 'ஆப்ஷன்ஸ்' என்ற சொல்லின் மேல் கொண்டுசெல்லுங்கள். ஜெம் எனப்படும் இந்தச் சாளரத் திரையில் மெனு கிளிக் செய்யாமலே விரியும் என்பதால், புதியவர்கள் சற்றுத் தடுமாறக்கூடும். அதில் 'இன்ஸ்டால் அப்ளிகேஷன்' மங்கலாகத் தெரிந்தால், நிரலின் சின்னம் தேர்வாகவில்லை என்று பொருள்.

திறக்கும் பெட்டியில் நிரலின் பெயர் ஏற்கெனவே இருக்கும். 'டாக்குமென்ட் டைப்' என்ற இடத்தில் டி, ஓ, சி ஆகிய மூன்று எழுத்துகளை மட்டும் தட்டச்சு செய்யுங்கள். அதன் கீழே நிரலின் வகையைக் கேட்கும்: சாளரமும் மெனுவும் கொண்ட நிரலுக்கு 'ஜெம்', வெறும் எழுத்துத் திரையில் ஓடும் நிரலுக்கு 'டாஸ்' (TOS, அடாரியின் இயக்க முறைமை), தொடங்கும்போது கூடுதல் விவரம் கேட்கும் நிரலுக்கு 'டாஸ் டேக்ஸ் பாராமீட்டர்ஸ்'. ஃபர்ஸ்ட் வேர்ட் ஜெம் நிரல். அதையே தேர்ந்து 'ஓகே' கொடுங்கள்.

இந்த இணைப்பு இப்போதைக்கு நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. இதை அறியாமல் நான் மூன்று நாள் காலையில் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறேன். அதே மெனுவில் 'சேவ் டெஸ்க்டாப்' கொடுத்தால்தான் விவரம் 'டெஸ்க்டாப் புள்ளி ஐஎன்எஃப்' என்ற கோப்பில் எழுதப்படும். அது எளிய உரைக் கோப்பு. இருமுறை கிளிக் செய்து 'ஷோ' கொடுத்தால், நிரலின் பெயரும் டாக் பின்னொட்டும் ஒரே வரியில் இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டாஸ் 2.06 கொண்ட பிந்தைய கணினிகளில் இக்கோப்பின் பெயர் 'நியூடெஸ்க் புள்ளி ஐஎன்எஃப்'.

கடிதங்களையும் நிரலையும் ஒரே கோப்புறையில் வைத்திருப்பது நல்லது. இனி அந்த ஃபிளாப்பியை உள்ளேயே விட்டு, பின்புறமுள்ள ரீசெட் பொத்தானை அழுத்தி, கடிதம் ஒன்றை இருமுறை கிளிக் செய்து பாருங்கள். பழைய பெட்டியே மீண்டும் வந்தால், சேமித்த ஃபிளாப்பியிலிருந்துதான் கணினி தொடங்கியதா என்பதை முதலில் சரிபாருங்கள்.