பழைய ஆட்டோமேட்டிக் செடான்: கியர் பாக்ஸ் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய செடான் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள், பெயின்டைத் தட்டிப் பார்க்கிறார்கள். கெட்டுப்போனால் பெருஞ்செலவு வைக்கும் கியர் பாக்ஸை மட்டும் தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்பதோடு விட்டுவிடுகிறார்கள். அதுவும் விற்பவர் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்த வண்டியில்.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் சில கோளாறுகள் வண்டி குளிர்ந்திருக்கும்போதுதான் தெரியும், சில நன்றாகச் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். அதனால் இரவு முழுக்க நின்ற வண்டியைக் கேளுங்கள். பானெட் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். பிரேக்கை மிதித்தபடி முதலில் டிரைவ், அப்புறம் ரிவர்ஸ். கியர் விழத் தாமதமானாலோ 'டொக்' என்று இடித்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். நெரிசலிலும் மேட்டிலும் ஓட்டினால் இன்னும் நல்லது.

"ஸ்கேன் பண்ணியாச்சு, எந்தக் கோடும் இல்லை" என்பதை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. கோடு (code) என்பது வண்டியின் கணினி பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடு. கோடுகளை அழிப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் அழிக்கும்போது வண்டியின் சுயபரிசோதனைகளும் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். ஸ்கேனரில் அந்தப் பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். பல பரிசோதனைகள் முடியாமல் இருந்தால், அண்மையில் கோடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அடுத்தது கியர் பாக்ஸ் ஆயில். அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று சில கையேடுகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வெப்பத்தில் எந்த ஆயிலும் தரம் இழக்கும். அதே கையேட்டில், கடுமையான பயன்பாட்டுக்கு மாற்றும் இடைவெளி தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் கருத்துப்போய், தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தேய்ந்திருக்கலாம். சிவிடி (பல் சக்கரப் படிகளுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் கொண்ட ஆட்டோமேட்டிக்) கியர் பாக்ஸில் சாதாரண ஏடிஎஃப் (வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) ஊற்றுவது மன்னிக்க முடியாத தவறு. உள்ளே பெல்ட்டும் புல்லியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதே அதற்கென்று உள்ள ஆயிலை நம்பித்தான். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்ற டப்பாவை நான் தொடவே மாட்டேன். அளவு கூடினாலும் ஆபத்துதான்: ஆயில் நுரைத்து அழுத்தம் குறையும். பல வண்டிகளில் கியர் பாக்ஸுக்கு டிப்ஸ்டிக்கே (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) கிடையாது. குறிப்பிட்ட வெப்பநிலையில் அளவு பார்க்க வேண்டும். பல காலம் மாற்றாத வண்டி என்றால், மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவுவதைவிட, வடித்து நிரப்பி, கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து நிரப்புவதையே நான் விரும்புவேன். ஒரு தடவை வடித்தால் மொத்தமும் வராது. எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும்.

அதிர்வு வந்ததும் "கியர் பாக்ஸ் போச்சு" என்று முடிவு கட்டுவதும் தவறு. எஞ்சின் மிஸ்ஃபயரும் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது), கிழிந்த எஞ்சின் மவுண்ட்டும் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) கிட்டத்தட்ட அதே உணர்வைத் தரும். சீரான வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி போகும்போது நடுக்கம் வருகிறதா? பின்னால் வண்டி இல்லாத சாலையில் மெக்கானிக்கை ஓட்டச் சொல்லி, ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக்கை மெல்லத் தொடச் சொல்லுங்கள். பிரேக் விளக்கு எரியும் அளவு போதும். உடனே நடுக்கம் நின்றால் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் (சீரான வேகத்தில் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் நேராகப் பூட்டும் கிளட்ச்) மீது சந்தேகம் வலுக்கும். அது சில வண்டிகளில் ஆயில் மாற்றத்திலேயே சரியாகும். முழு கியர் பாக்ஸையும் மாற்றச் சம்மதிக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

வண்டியின் 17 எழுத்து-எண்கள் கொண்ட அடையாள எண்ணைக் கொடுத்து, நிலுவையில் ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) உண்டா என்றும் விசாரியுங்கள். 2004இல் அமெரிக்காவில் ஹோண்டா, அக்கார்டு வி6 உள்ளிட்ட பல வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இரண்டாம் கியருக்கு ஆயில் சரியாகப் போகாமல் சூடேறி உடையும் அபாயம்தான் காரணம். அப்படி ஒரு பாக்கி வேலை இருந்தால், கையிலிருந்து செலவழிக்கும் முன் கம்பெனியிடம் கேளுங்கள்.