தவணையை விலையில் ஏற்றாதீர்கள்

கைவினைப் பொருளுக்கு விலை போடும்போது கடன் தவணையை விலையில் சேர்க்காதீர்கள். மாதம் எத்தனை உருப்படி விற்க வேண்டும் என்ற கணக்கில் சேருங்கள். ஒரு பையின் கூலியில் வீட்டுச் செலவு போக 150 ஒதுக்க முடிகிறது, தவணை 3,000 என்றால் 20 பை. வாங்குபவர் பொருளுக்குத்தான் பணம் தருகிறார். கடனை அதில் ஏற்றினால் சரக்கு தேங்கும்; தவணை நாள் நெருங்கியதும் அவசரமாகக் குறைத்து விற்றால் போவது உங்கள் கூலிதான்.

கூலியைக் கணக்கிட, ஐந்து உருப்படி செய்து, ஒன்றுக்கு ஆகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் சராசரி எடுங்கள். குரோஷே (கொக்கி ஊசியால் நூலைப் பின்னும்) பையில் பின்னும் நேரத்தை மட்டும் எழுதிவிட்டு, நூல் முனைகளைச் செருகி மறைப்பது, உள்துணி தைப்பது, படம் எடுப்பது, பொதி கட்டுவது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறோம். நிறைய உழைப்பு அங்கேதான் கணக்கில்லாமல் போகிறது.

விற்றுத் தருபவருக்குக் கமிஷன் 10% என்றால், 10% கூட்டாதீர்கள், 0.90-ஆல் வகுங்கள். கையில் 540 நிற்க விலை 600. கூட்டினால் 594, கமிஷன் போக 534.60தான் மிஞ்சும்.

ஒரே முறை செய்யும் தனி ஆர்டருக்கு இந்தச் சராசரி உதவாது. அங்கே முன்பணம் வாங்கிக்கொண்டு, மணிக்கு இவ்வளவு கூலி என்று பேசுங்கள். பருவம் முடிந்து தேங்கிய சரக்கை மூலப்பொருள் செலவு வந்தாலே கொடுத்துவிடலாம்.