பெஞ்சில் நான்கு பேர் இருக்கிறார்கள், டேக்கிள் எங்கே?

ஒவ்வொரு கோடையிலும் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு இரண்டு மூன்று புதுப் பிள்ளைகள் பயிற்சியாளர் வேலை பழக வருவார்கள். முதல் வாரமே ஒரு பட்டியல் போடச் சொல்வேன்: அணியின் 53 பேரில் ஆஃபென்சிவ் லைனுக்கு, அதாவது பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்கு, யார் யார்? ஒன்பது பெயர் எழுதிக்கொண்டு வருவார்கள். ஆடுகிறவர்கள் ஐந்து பேர் (நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், இரு ஓரங்களிலும் டேக்கிள்கள்), மாற்று நான்கு பேர். கணக்கு சரி.

இந்த ஆண்டு வந்த பையனிடம், "இடது டேக்கிளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, யாரை இறக்குவாய்?" என்று கேட்டேன். மாற்று ஆட்கள் நால்வரையும் தாண்டிப்போய் இடது கார்டின் பெயரில் விரலை வைத்தான். "இவரை எங்கே போட்டாலும் ஆடுவார், கோச்."

பன்னிரண்டு வருடம் முன்னால் நானும் அதே இடத்தில்தான் விரலை வைத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்: மாற்று லைன்மேன்கள் விஷயத்தில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள். நல்ல ஆளாகப் பார்த்து எடு, எடையைக் கவனி என்பதெல்லாம் இங்கே கிடையாது. அது தெரியாமல் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை.

ஒரு ஓட்டையை அடைக்க இரண்டு ஓட்டை போடுவது

அப்போது நான் லைன் கோச்சுக்கு உதவியாளன். மழை, மூன்றாவது குவார்ட்டர், பந்து எங்கள் எண்ட் ஸோன் (களத்தில் எங்கள் பக்கத்துக் கோடிப் பகுதி) பக்கமாக இருந்தது. எங்கள் இடது டேக்கிள் நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். அந்த இடத்துக்கென்றே வைத்திருந்த மாற்று ஆள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. கார்டை டேக்கிளுக்குத் தள்ளுவோம், சென்டர் கார்டுக்குப் போகட்டும், மாற்று சென்டர் உள்ளே வரட்டும் என்று லைன் கோச்சிடம் சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டார். இருக்கிறவர்களில் சிறந்த ஐந்து பேர் களத்தில் நிற்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த மாற்று சென்டர் அந்த வாரம் முழுக்க ஷாட்கன்னில், அதாவது குவார்ட்டர்பேக் தள்ளிப் பின்னால் நிற்கும்போது, பத்துப் பதினைந்து ஸ்நாப் (கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் அனுப்புவது) கொடுத்திருந்தால் அதிகம். அதுவும் இரண்டாவது குவார்ட்டர்பேக்குக்கு. ஈரப் பந்து கையிலிருந்து வழுக்கி குவார்ட்டர்பேக்கின் தலைக்கு மேலே பறந்து எண்ட் ஸோனுக்குப் பின்னால் போய் விழுந்தது. சேஃப்டி, எதிரணிக்கு இரண்டு புள்ளி. ஒரு புள்ளியில் தோற்றோம். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. ஸ்நாப் தவறியதற்காக அல்ல, ஹெல்மெட்டோடு நின்ற அந்த மனிதரை நான் பார்க்காமல் விட்டதற்காக.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஐந்து பேரும் ஒரே வேலை செய்வதுபோலத் தெரியும். எல்லாரும் 140 கிலோ, எல்லாரும் தள்ளுகிறார்கள். ஆனால் கார்டுக்கு எதிராளி மூக்குக்கு நேரே நிற்கிறான், அந்தச் சின்ன இடத்தில் தாங்கினால் போதும். டேக்கிளோ வெட்டவெளியில் பின்வாங்கிக்கொண்டே ஓரமாகச் சுற்றி வருகிறவனை மறிக்க வேண்டும். அப்புறம் இடது பக்கத்தில் இடது கால் பின்னால் போகும், வலது கால் ஊன்றும். வலது பக்கத்தில் எல்லாமே தலைகீழ். பல வருடம் ஒரு பக்கம் பழகியவரை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றுவது, இடது கையால் கையெழுத்துப் போடச் சொல்வதுபோல.

2021 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் (என்.எஃப்.எல் லீகின் இறுதி ஆட்டம்) கான்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்கு நேர்ந்ததும் இதுதான். வலது டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுவலியால் அக்டோபரிலேயே போய்விட்டார். இடது டேக்கிள் எரிக் ஃபிஷருக்கு முந்தைய ஆட்டத்தில் குதிகால் நாண் அறுந்தது. உடனே வலது டேக்கிளில் ஆடிக்கொண்டிருந்த ரெம்மர்ஸ் இடது பக்கம் போனார், வலது கார்டு வைலி வலது டேக்கிளுக்கு வந்தார், விஸ்னியூஸ்கி வலது கார்டில் இறங்கினார். புதிதாக ஒரு காயம், மூன்று இடம் கலைந்தது. குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் அன்று இரவு முழுக்க உயிருக்கு ஓடினார். 31-9 தோல்வி, ஒரு டச்டவுன்கூட இல்லை.

அவர்கள் பாடம் படிக்காமல் இல்லை. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில் ஐந்து பேரும் புதியவர்கள். ஆனாலும் 2025 சூப்பர் பௌலில் லீகின் மிகச் சிறந்த இடது கார்டுகளில் ஒருவரான ஜோ தூனியை டேக்கிளில் நிறுத்த வேண்டி வந்தது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஒரு தடவைகூட ப்ளிட்ஸ், அதாவது குவார்ட்டர்பேக்கைத் துரத்தக் கூடுதல் ஆள், அனுப்பவில்லை. நான்கு பேரை வைத்தே ஆறு சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது), சீஃப்ஸுக்கு 40-22 தோல்வி. அந்த வாரத்தில் சீஃப்ஸுக்கு வேறு வழி இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். தவறு, ஆள் எடுக்கிற முந்தைய மார்ச்சிலேயே நடந்துவிட்டது.

இதே ஈகிள்ஸ் 2017 சீசனில் என்ன செய்தார்கள்? அக்டோபரில் இடது டேக்கிள் ஜேசன் பீட்டர்ஸின் முழங்கால் போனது. வலது பக்கம் லேன் ஜான்சன் இருந்தார், லீகிலேயே சிறந்தவர்களில் ஒருவர். அவரை இடது பக்கம் நகர்த்தக் கை துறுதுறுத்திருக்கும். நகர்த்தவில்லை. ஐந்தாவது சுற்றில் எடுத்த வைடாய் நேராக பீட்டர்ஸின் இடத்தில் போய் நின்றார், மற்ற நால்வரும் அசையவில்லை. சூப்பர் பௌலில் 41-33 வெற்றி, குவார்ட்டர்பேக் ஒரு சாக்கூட வாங்கவில்லை. அன்று ஈகிள்ஸின் இடது கார்டு யார் தெரியுமா? மேலே சொன்ன அதே விஸ்னியூஸ்கி.

சிறந்த ஐந்து பேரைக் களத்தில் வை என்பது கோச்சுகள் வாயில் சுழலும் வாக்கியம். ஆகஸ்டுக்கு அது சரி, பழக நாள் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் அது விஷம்.

மாற்று ஆளைத் தனியே விடுவது

நேராக மாற்று ஆளைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களும் உண்டு. 2017 நவம்பரில் இடது டேக்கிள் டைரன் ஸ்மித் இல்லாமல் அட்லாண்டா போன டல்லாஸ் கௌபாய்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபால்கன்ஸின் ஏட்ரியன் கிளேபார்ன் ஒருவரே ஆறு சாக், ஆட்டம் 27-7. புதியவர் பக்கத்தில் லைனின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்டை நிறுத்துங்கள், பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக் போகிற வழியில் எதிராளியை ஓர் இடி இடித்துவிட்டுப் போகட்டும். பந்தைச் சீக்கிரம் கையைவிட்டு அனுப்புங்கள். இரண்டாவது சாக்குக்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும், ஐந்தாவதுக்கு அப்புறம் அல்ல.

பயிற்சியில் இடம் கொடுக்காதது

லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்திலிருந்து சீசன் முழுக்க கவசம் போட்ட பயிற்சி 14 தடவைதான். அதையும் முதல் ஐந்து பேரே தின்றுவிடுவார்கள். கல்லூரியிலிருந்து வருகிற பல டேக்கிள்கள் கையைத் தரையில் ஊன்றி நின்றதே அபூர்வம். அவர்கள் எங்கேதான் பழகுவார்கள்? மாற்று டேக்கிளுக்கு வாரத்தில் நாலு ஸ்நாப்பாவது, இரண்டு பக்கமும் கொடுங்கள். முதல் குவார்ட்டர்பேக்கோடு.

எட்டாவது ஆளை மறப்பது

ஆட்ட நாளில் எட்டு லைன்மேன் இருந்தால் 48 பேர் சீருடை போடலாம், இல்லாவிட்டால் 47தான். கிடைப்பதை விடாதீர்கள்.

நவம்பரில் ஆள் தேடுவது

2025 சூப்பர் பௌலில் தோற்ற அந்த சீசனில் சீஃப்ஸும் நவம்பரில்தான் ஒரு மூத்த டேக்கிளைக் கூட்டி வந்தார்கள். ஒரே ஆட்டத்தில் பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டது.

ப்ராக்டிஸ் ஸ்குவாடில் ஒளித்து வைப்பது

53 பேருக்கு வெளியே பயிற்சிக்காக வைத்திருக்கும் குழு அது. அங்கே ஒளிக்க முடியாது. எந்த அணியும் தன் 53 பேரில் இடம் கொடுத்து அள்ளிக்கொண்டு போகலாம். மழையில் ஹெல்மெட்டோடு என் பக்கத்தில் நின்றாரே, அடுத்த ஆண்டு அவரை அப்படித்தான் ஒளித்து வைத்தோம். செப்டம்பரிலேயே தூக்கிவிட்டார்கள். நவம்பரில் எங்களுக்கு எதிராகவே இடது டேக்கிளில் இறங்கினார். நன்றாகவே ஆடினார்.