அபர்டீன்ஷையரில் ஒரு குளிர்காலப் பறவை நாள்

டிசம்பரில் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் வரும், மூன்றரைக்குள் போய்விடும், அதனால் நண்பர்களை இருட்டிலேயே எழுப்பிக் கிளம்புங்கள்.

முதலில் நியூபரோ, ஐதன் ஆறு கடலில் சேரும் இடம். முந்தைய நாளே ஓத நேரத்தைப் பார்த்துவிடுங்கள்: நீர் வற்றியிருந்தால் கரைப்பறவைகள் சேற்றில் எங்கோ தூரத்தில் புள்ளிகளாகத் தெரியும், ஏறும்போது போனால் நீரே அவற்றை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். ஆனால் ஒதுங்கி ஓய்வெடுக்கும் கூட்டத்தை நெருங்காதீர்கள், ஒவ்வொரு முறை பறக்கும்போதும் குளிரைத் தாங்கச் சேர்த்துவைத்த கொழுப்பு கரைகிறது.

அப்புறம் பீட்டர்ஹெட், ஃப்ரேசர்பரோ துறைமுகங்கள். பொது நிறுத்துமிடத்தில் காருக்குள்ளேயே இருங்கள், அதைவிட நல்ல மறைவிடம் இல்லை. ஈடர் வாத்து கிட்டே வந்தால் ஆணின் பிடரியைப் பாருங்கள், தண்ணீர் கலந்தது போன்ற வெளிர்பச்சை. கறுப்பு வெள்ளைப் பறவை என்று நினைத்திருந்தவர்கள் அசந்துபோவார்கள்.

கையுறை இரண்டு அடுக்கு, உள்ளே மெல்லியது. பைனாகுலரின் குவியச் சக்கரத்தைத் திருப்ப அந்த மெல்லியது போதும்.

இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே லாக் ஆஃப் ஸ்ட்ராத்பெக் போய்விடுங்கள். பிரிட்டனின் மிகப் பெரிய மணற்குன்று ஏரி இது. அலகில் மஞ்சள் ஆப்பு போல நீண்டிருந்தால் ஐஸ்லாந்திலிருந்து வந்த ஹூப்பர் அன்னம். பிறகு பேச்சை நிறுத்துங்கள். இளஞ்சிவப்புக்கால் வாத்துகள் வயல்களிலிருந்து திரும்பும்போது முதலில் குரல்தான் வரும், வரிசை வரிசையாக, தலைக்கு மேலே.